கஞ்சாவின் கொச்சைப் பெயர்களுக்கு வேர் தேடுவது எப்படி

ஆங்கிலப் படம் ஓடுகிறது, ஒருத்தன் "பாட் இருக்கா?" என்று கேட்கிறான், கீழே தமிழ் எழுத்தில் "பானை இருக்கிறதா?" என்று வருகிறது. 'ஜாயிண்ட்' மூட்டாகிவிடும், 'கிராஸ்' புல்லாகிவிடும், 'ரோச்' வந்தால் கரப்பான்பூச்சி. சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் வசனம் மொழிபெயர்ப்பவர், கதை எழுதுபவர், செய்தி எழுதுபவர், அல்லது என்னைப் போலச் சொற்களின் பூர்வீகத்தைக் கிண்டிக்கொண்டே இருப்பவர் எல்லோருக்கும் அடுத்த கேள்வி வந்தே தீரும்: ஒரே செடிக்கு ஏன் இத்தனை பெயர், எது எங்கே பிறந்தது? இணையத்தில் தேடினால் ஒவ்வொரு பெயருக்கும் நாலு கதை கிடைக்கும், நாலுமே சுவாரசியமாக இருக்கும், அதுதான் பிரச்சினையே. கதை எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும். எப்படிச் சந்தேகப்படுவது, சந்தேகப்பட்ட பிறகு எங்கே போய்ப் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். புகைப்பதைப் பற்றி இதில் எதுவும் இல்லை, பேச்சைப் பற்றி மட்டும்தான்.

நம் இலக்கணத்தில் இந்தச் சங்கதிக்குப் பழைய பெயர் உண்டு, பள்ளியில் படித்திருப்பீர்கள்: குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று உதாரணம் வரும். உள்ளே போனதும் ஆளைப் பேசவைத்துவிடும், அதனால் சொல்விளம்பி. போதைப் பொருளுக்கு மறைபெயர் வைப்பது நேற்று முளைத்த பழக்கம் இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும். ஆனால் இதில் நமக்கு வேண்டிய பாடம் வேறு. குழூஉக்குறி என்றால் குழு என்று ஒன்று இருந்தாக வேண்டும். எந்தக் குழு, எந்த ஊர், எந்தப் பத்தாண்டு என்று சொல்லாத விளக்கத்தை விளக்கமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பொருள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெயர்கள் எல்லாமே ஒரே பொருளைக் குறிப்பதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதி வழியில் குழப்பம் வரும். சில பெயர் செடிக்கு, சில பெயர் செடியின் ஒரு பாகத்துக்கு, சில பெயர் பிசினுக்கு, சில பெயர் சுருட்டிய சுருளுக்கு, சில பெயர் குழாய்க்கு, சில பெயர் புகைக்கிற ஆளுக்கு. இந்தியாவில் கஞ்சா, சரஸ், பாங்கு மூன்றும் மூன்று பொருள்: பெண் செடியின் பூக்கதிர் கஞ்சா, பிசின் சரஸ், இலை பாங்கு. 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் விசாரணையே நடத்தியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் கஞ்சாவுக்கு வரையறை எழுதும்போது கதிரைச் சொல்லிவிட்டு, கதிரோடு சேராத இலையையும் விதையையும் வெளியே விட்டுவிட்டது. ஆகவே மூன்றையும் ஒரே சொல்லாகக் கலக்கினால் பொருளும் தப்பும், சட்டமும் தப்பும்.

சுருளிலும் அப்படித்தான். தாளில் சுருட்டினால் ஜாயிண்ட். ஐரோப்பாவில் புகையிலை கலந்து சுருட்டினால் ஸ்ப்ளிஃப் என்பார்கள், ஆனால் அந்தச் சொல் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது, அங்கே புகையிலை கலந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சுருட்டின் இலையைப் பிரித்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு நிரப்பினால் பிளண்ட், 'ஃபில்லீஸ் பிளண்ட்' என்ற அமெரிக்கச் சுருட்டின் பெயரிலிருந்து வந்தது, ஹிப்-ஹாப் பாட்டுக்காரர்கள் வழியாகப் பரவியது. புகைத்து முடித்த அடித்துண்டு ரோச். மூன்றையும் 'கஞ்சா பீடி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வேர் தேடுகிறவர் அப்படி முடித்துவிடக் கூடாது.

தென்னாப்பிரிக்காவில் கஞ்சாவுக்கு 'டாகா' என்று பெயர், அந்நிலத்துப் பழங்குடியான கோய்கோய் மக்களின் மொழியிலிருந்து ஆஃப்ரிகான்ஸ் மொழிக்குள் வந்தது. ஆனால் ஆரஞ்சு நிறத்தில் பூக்கிற, கஞ்சாவுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு செடிக்கும் 'காட்டு டாகா' என்று பெயர் இருக்கிறது. பழைய ஆவணத்தில் 'டாகா' என்று பார்த்தவுடனே கஞ்சா என்று எழுதிவிட்டால் தீர்ந்தது கதை.

தேதி கேளுங்கள், அப்புறம் கதை கேளுங்கள்

ஒரு சொல்லின் வேர் பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சொல் அந்தப் பொருளில் அச்சில் முதலில் எப்போது வந்தது என்பதுதான். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மேற்கோளை ஆண்டோடு கொடுக்கும். ஜொனாதன் கிரீன் தொகுத்த கொச்சைச்சொல் அகராதி இணையத்திலேயே இருக்கிறது, இந்த வேலைக்கு அதுதான் என் முதல் கதவு. அதற்குப் பிறகு பழைய செய்தித்தாள்கள்: அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய நாளிதழ்களை வருடி இலவசமாக வைத்திருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 'ட்ரோவ்' இருக்கிறது. இவற்றில் 'வீட்' (களை என்று பொருள், கஞ்சாவுக்கும் பெயர்) என்று மட்டும் தட்டினால் களையெடுப்பு, புகையிலை, தோட்டக்கலை என்று லட்சக்கணக்கில் வந்து விழும். பக்கத்தில் இன்னொரு சொல் சேர்த்துத் தேட வேண்டும், 'மரிஹுவானா' என்பதோடு சேர்த்தோ, போலீஸ், கைது என்பதோடு சேர்த்தோ. மரிஹுவானாவை எட்டு விதமாக எழுதிப் பாருங்கள், ஜே போட்டு, ஹெச் போட்டு, ஜி போட்டு. அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார்கள்.

நூல்களில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கூகுள் கருவி இருக்கிறதே, அது 'சின்செமியா' (விதையில்லாக் கஞ்சா) மாதிரி வேறு பொருளே இல்லாத சொல்லுக்குத்தான் உதவும். 'பாட்' என்று போட்டால் சமையல் புத்தகங்களின் வரலாறுதான் தெரியும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இணையக் கொச்சை அகராதிகள் சொல் இன்று புழக்கத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்லும், பிறப்புக்குச் சாட்சி சொல்லாது.

அச்சில் வந்துவிட்டது என்பதாலும் நம்பிவிட முடியாது, இதையும் சொல்லிவிடுகிறேன். 1992இல் நியூயார்க் டைம்ஸ் அமெரிக்க ராக் இசை இளைஞர்களின் கொச்சைச்சொற்கள் என்று ஒரு குட்டி அகராதி போட்டது. பத்திரிகை தொலைபேசியில் கேட்டபோது, இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை செய்த ஒரு பெண் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொற்களாக அடித்துவிட்டார், அதுவும் அப்படியே அச்சாகிவிட்டது. வெளியாட்கள் வந்து உங்கள் ரகசியச் சொல்லைச் சொல்லுங்கள் என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு விளையாட்டுதான். அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை போலீசாருக்காக வெளியிடுகிற நீண்ட கொச்சைச்சொல் பட்டியல்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பட்டியலில் இருக்கிறது என்றால் எங்கோ யாரோ சொன்னார்கள் என்று அர்த்தம், ஊரே சொல்கிறது என்று அர்த்தமில்லை.

420: பொய்யும் மெய்யும் பக்கத்தில் பக்கத்தில்

420 என்பது கஞ்சா புகைப்பதற்கு ஒரு மறைபெயர். பழகிப் பார்க்க இதைவிட நல்ல சொல் கிடையாது, ஏனென்றால் பொய்க்கதைகளும் இருக்கின்றன, ஆதாரமும் இருக்கிறது. பொய்க்கதைகளை முதலில் பார்ப்போம். கலிபோர்னியா போலீசில் கஞ்சா புகைப்பதற்கான குறியீட்டு எண் 420 என்பார்கள். கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவைப் போய்ப் படித்தால் அது பொது நிலத்துக்குள் ஒருவரை நுழையவிடாமல் தடுப்பதைப் பற்றியது. கஞ்சாவில் 420 வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்பார்கள், அப்படி ஒரு நிலையான எண்ணே இல்லை. ஒரு பழைய பாட்டின் தலைப்பில் இருக்கிற 12ஐயும் 35ஐயும் பெருக்கினால் 420 வருகிறதே என்பார்கள். வருகிறது. எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினாலும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும்.

நடந்தது என்ன என்றால், 1971ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளியில் ஐந்து மாணவர்கள் ஒரு செட்டு. எப்போதும் ஒரு சுவரோரம் கூடுவார்கள் என்பதால் 'வால்டோஸ்' என்று பெயர். பாயிண்ட் ரெயஸ் பக்கம் யாரோ பயிரிட்டுக் கைவிட்ட கஞ்சாப் பாத்தி இருக்கிறது என்று கடலோரக் காவல்படை ஆள் ஒருவரிடமிருந்து அவர்கள் கைக்கு வரைபடம் வந்தது. பள்ளி முடிந்து, விளையாட்டுப் பயிற்சியும் முடிந்து, பள்ளி வளாகத்தில் இருந்த லூயி பாஸ்டர் சிலைக்குப் பக்கத்தில் 4 மணி 20 நிமிடத்துக்குக் கூடுவது என்று பேச்சு. தாழ்வாரத்தில் எதிரே பார்த்தால் '420 லூயி' என்பார்கள், கொஞ்ச நாளில் லூயி உதிர்ந்து 420 மட்டும் நின்றது. பாத்தி கடைசிவரை கிடைக்கவில்லை, சொல் கிடைத்துவிட்டது. அந்தச் செட்டுக்கு 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் வட்டாரத்தோடு பழக்கம் இருந்தது, அந்தக் குழு ஊர் ஊராகக் கச்சேரி செய்தது, ரசிகர் கூட்டமும் பின்னாலேயே ஊர் ஊராகப் போனது. 1990 டிசம்பரில் ஓக்லண்டு கச்சேரி வாசலில் ஒரு துண்டுச்சீட்டில் 420 பற்றி எழுதியிருந்தது 'ஹை டைம்ஸ்' என்ற கஞ்சாப் பத்திரிகையின் பத்திரிகையாளர் ஒருவர் கைக்கு வர, 1991 மே மாதம் அது அந்தப் பத்திரிகையில் வந்தது, அதோடு உலகம் முழுக்கப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் துண்டுச்சீட்டிலும் போலீஸ் குறியீட்டுக் கதைதான் இருந்தது. சொல் எங்கே போனாலும் பொய்க்கதை தொற்றிக்கொண்டே போகும்.

இந்தக் கதையும் கச்சிதமாகத்தானே இருக்கிறது, இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று நீங்கள் கேட்க வேண்டும். 1970களின் தபால் முத்திரை குத்திய கடிதங்களை அவர்கள் வைத்திருந்தார்கள், 420 என்று எழுதியவை. 1974ஆம் ஆண்டின் பள்ளிப் பத்திரிகைத் துணுக்கு ஒன்றிலும் அந்த எண் இருக்கிறது. ஆதாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: பின்னால் எழுதிய நினைவுக்குறிப்பாக இல்லாமல், அந்தந்தக் காலத்தில் தேதி போட்டு விழுந்த எழுத்தாக. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2017இல் 420ஐச் சேர்த்துக்கொண்டது.

சொல் பெரிதான பிறகு அது உலகத்தையே கொஞ்சம் வளைக்கும், அதையும் வேரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியா 2003இல் கொண்டுவந்த மருத்துவக் கஞ்சாச் சட்டத்தின் மசோதா எண் 420. கொலராடோவில் ஒரு நெடுஞ்சாலையின் 420ஆம் மைல் பலகையைத் திருடிக்கொண்டே இருந்தார்கள் என்று 419.99 என்று பலகை மாட்டினார்கள். இவை சொல்லுக்குப் பிறந்த பிள்ளைகள், பெற்றோர் இல்லை. இணையக் கட்டுரைகளில் இந்த வரிசை தலைகீழாகப் போவது ரொம்பச் சகஜம்.

நமக்கு இன்னொரு சிக்கல். தமிழில் 'ஃபோர் ட்வென்ட்டி' என்றால் ஏமாற்றுக்காரன். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 420, அங்கிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே போய், புதிய சட்டத்தில் மோசடி 318ஆம் பிரிவாகிவிட்டது, ஆனாலும் யாரும் யாரையும் 'த்ரீ எய்ட்டீன்' என்று திட்டுவதில்லை. இரண்டு 420க்கும் எந்த உறவும் இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பில் எண்ணை அப்படியே வைத்தால் வாசகர் ஆளை மோசடிக்காரன் என்று நினைத்துவிடுவார்.

பழைய பொருளைத் தோண்டுங்கள்

கொச்சைச்சொல் பெரும்பாலும் புதிதாகப் பிறப்பதில்லை, ஏற்கெனவே இருக்கிற சொல் வேறு வேலைக்குப் போகிறது. 'டோப்' டச்சு மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்பு. அமெரிக்க ஆங்கிலத்தில் கெட்டியான எதற்கும் பெயராகி, கெட்டியாகக் காய்ச்சிய அபினுக்குப் பெயராகி, பிறகு எல்லாப் போதைப் பொருளுக்கும் பெயராகி, கடைசியில் 'சூப்பர்' என்ற பாராட்டாகவும் ஆகிவிட்டது. 'ஜாயிண்ட்' சேருமிடம் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்து, ஆட்கள் கூடுகிற மட்டமான இடத்துக்கு, அதிலும் அபின் கூடத்துக்குப் பெயராக இருந்தது. 1930களில் ஊசி போடும் உபகரணத்துக்கும் சொன்னார்கள், சுருளுக்கு வந்தது அதற்கப்புறம்தான். 'வீட்' கஞ்சாவுக்கு வருமுன் நெடுங்காலம் புகையிலைக்குச் செல்லப்பெயர். பழைய ஆங்கில நாவலில் ஒரு கனவான் வீட் புகைத்தால் பதற வேண்டாம்.

செடியின் அறிவியல் பெயரான 'கன்னாபிஸ்' கொச்சை இல்லை, இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், ஸ்கித்தியர்கள் என்ற நாடோடி மக்கள் கூடாரத்துக்குள் சூடான கற்களில் அதன் விதையைப் போட்டு ஆவியில் ஆர்ப்பரித்ததை எழுதும்போது இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆங்கிலத்தின் 'ஹெம்ப்' அந்தச் சொல்லின் உறவுக்காரன்: ககரம் ஹகரமாகவும் பகரத்தின் ஒலி மாறியும் ஜெர்மானிய மொழிகளில் வழக்கமாக நடக்கிற மாற்றம். 'கான்வாஸ்' துணியும் அதே வேர்தான், சணல் நாரில் நெய்தது. வேர் தேடும்போது ஒலி மாற்றத்தில் ஒழுங்கு தெரிந்தால் நம்பலாம், காதுக்கு ஒன்று போலக் கேட்கிறது என்பது மட்டும் போதாது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 'பாட்'. ஸ்பானிஷ் மொழியில் 'பொட்டாசியோன் தெ குவாயா' என்று கஞ்சா மொட்டு ஊறவைத்த மது ஒன்று இருந்ததாகவும் அதன் முதல் அசைதான் பாட் என்றும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அமெரிக்காவில் இந்தச் சொல் 1930களிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த மதுவின் பெயர் பாட்டாகத் தேய்ந்தது என்பதற்கு நடுவில் ஒரு படிகூட எழுத்தில் இல்லை. நல்ல அகராதிகள் இங்கே வேர் உறுதியில்லை என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

'ரோச்' விஷயத்தில் 'லா குக்கராச்சா' என்ற மெக்சிகோ பாட்டைக் காட்டுவார்கள். புகைக்க மரிஹுவானா இல்லாததால் கரப்பான்பூச்சியால் நடக்க முடியவில்லை என்று அதில் நிஜமாகவே ஓர் அடி இருக்கிறது, மெக்சிகோ புரட்சிக் காலத்தில் பரவலாகப் பாடியது. ஆனால் பழுப்பாகச் சின்னதாகக் கிடக்கிற துண்டைப் பார்த்தால் பாட்டு தெரியாதவனுக்கும் கரப்பான்பூச்சிதான் ஞாபகம் வரும். இரண்டில் எது என்று முடிவு கட்டுகிற சான்று இல்லை.

கப்பல் எந்தப் பக்கம் போனது

ஆள் போன வழியில்தான் சொல்லும் போகும், அதனால் புலம்பெயர்வு வரலாறு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜமைக்காவில் கஞ்சாவுக்குப் பெயர் 'கஞ்சா'தான். அங்குள்ள ராஸ்தஃபாரி சமயத்தாரின் சொல் என்று உலகமே நினைத்துக்கொண்டிருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'கஞ்ஜா', இந்தியில் 'காஞ்சா', தமிழில் நமக்கும் அங்கிருந்துதான். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால் 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள், 1917 வரைக்கும் சுமார் 36,000 பேர். சொல் அவர்களோடு இறங்கியது. 1913இல் ஜமைக்கா தடைச் சட்டம் போட்டபோது சட்டத்திலேயே இந்தியப் பெயரைத்தான் எழுதினார்கள். 'சில்லம்' என்ற மண்குழாயின் பெயரும் இந்தியின் 'சிலம்'தான்.

அதே சொல் கிழக்கேயும் போனது, தாய்லாந்தில் 'கஞ்சா'வுக்குக் 'கன்ச்சா' என்பார்கள். பதிலுக்கு ஆங்கிலத்துக்குத் தாய் மொழி கொடுத்தது 'பாங்', நீர்க்குழாய். தாய் மொழியில் மூங்கில் குழாய் என்று பொருள், 1944இல் வந்த மெக்ஃபார்லாண்டின் தாய்-ஆங்கில அகராதியிலேயே இந்தப் பொருளில் இருக்கிறது. நம்ம 'பாங்கு' இலைக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை மட்டும்தான், சொந்தம் கிடையாது.

பிரேசிலில் 'மகோன்யா'. போர்ச்சுகீசிய மொழியில் சணலுக்கு 'கான்யமோ' என்று பெயர், எழுத்துகளை மாற்றி அடுக்கினால் சரியாக மகோன்யா வரும். இதைப் பார்த்தவுடன் ஆஹா, மறைபெயர் செய்யத்தான் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அது அங்கோலாவின் கிம்புந்து மொழிச் சொல், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. பிரேசிலிலேயே கஞ்சாவுக்கு 'அங்கோலாப் புகை' என்று பழைய பெயர் ஒன்று இருந்தது, அந்த வழியை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. எழுத்து விளையாட்டு தற்செயல். மொராக்கோவின் 'கிஃப்' சுலபம், அரபியில் இன்பம், சுகம் என்று பொருள்.

பயிர்வகைப் பெயர்களில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 'குஷ்' இந்துகுஷ் மலை, 'சின்செமியா' ஸ்பானிஷில் விதையில்லாதது, 'ஸ்கங்க்' நாற்றமடிக்கிற அந்த விலங்கு. தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும்.

யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்

சில பெயரை உள்ளே இருப்பவர்கள் வைத்தார்கள், சில பெயரை வெளியே இருப்பவர்கள் வசவாக வைத்தார்கள். கஞ்சாப் பிசினுக்குச் சொல்லும் 'ஹஷீஷ்' அரபியில் வெறும் காய்ந்த புல். அதிலிருந்து 'ஹஷீஷி', அங்கிருந்து ஆங்கிலத்தில் கொலையாளிக்குச் சொல்லும் 'அசாசின்'. பாரசீகத்தில் இருந்த அலமூத் கோட்டைத் தலைவன் இளைஞர்களுக்கு மருந்து கொடுத்துச் சொர்க்கத்தைக் காட்டிக் கொலை செய்ய அனுப்பினான் என்ற கதையை மார்க்கோ போலோ பெயரில் எல்லோரும் சொல்வார்கள். மங்கோலியர் அந்தக் கோட்டையை 1256இலேயே எடுத்துவிட்டார்கள், மார்க்கோ போலோ அப்போது இரண்டு வயதுக் குழந்தை. அந்தக் கோட்டையை வைத்திருந்த நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினரை அவர்களின் எதிரிகள் இழிவாக அழைத்த பெயர் அது. நம்மூரில் ஒருத்தனைக் 'கஞ்சாக்குடிக்கி' என்று திட்டினால் அவன் புகைத்ததற்கு அது ஆதாரமாகுமா?

'மரிஹுவானா'வில் இரண்டு பக்கமும் வழுக்கும். 1930இல் அமைந்த அமெரிக்கப் போதைப்பொருள் துறையின் முதல் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். 1937இல் வந்த கஞ்சா வரிச் சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. மருத்துவர்களுக்குத் தெரிந்தது 'கன்னாபிஸ்', அது அந்நாட்டு மருந்து நூலில் 1942 வரைக்கும் இருந்தது. மசோதா விசாரணையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த வில்லியம் உட்வர்ட், இந்தப் பெயரால் எந்த மருந்தைப் பற்றிய சட்டம் என்றே தொழிலில் உள்ளவர்களுக்கு விளங்கவில்லை என்று ஆட்சேபித்தார். மெக்சிகோக்காரர்கள் மேல் இருந்த வெறுப்புக்குத் தோதாக அயல்மொழிச் சொல்லைப் பரப்பினார்கள் என்பதில் நிறைய உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லையே அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுகிறார்களே, அது தப்பு. 19ஆம் நூற்றாண்டிலேயே மெக்சிகோ ஸ்பானிஷில் அது எழுத்தில் இருக்கிறது. மரியா, ஹுவானா என்ற இரு பெண் பெயர்கள் சேர்ந்தது என்பதும் பின்னால் ஒட்டவைத்த விளக்கமாகவே தெரிகிறது, 'மேரி ஜேன்' அந்த விளக்கத்தின் ஆங்கிலப் பிள்ளை. வாஷிங்டன் மாநிலம் 2022இல் தன் சட்டங்களில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் 'கன்னாபிஸ்' என்று மாற்றச் சட்டம் போட்டது.

தமிழிலும் இந்த இரண்டு பக்கமும் இருக்கின்றன. சாமியார்கள் வழக்கில் 'சிவமூலி', சித்த மருத்துவ வழக்கில் 'கோரக்கர் மூலி': இரண்டும் மரியாதைப் பெயர். போலீஸ் செய்தியில் அதே பொருள் 'பொட்டலம்'.

செத்துப்போன சொற்களும் வேண்டும்

1920, 30களில் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, ஹார்லெம் ஜாஸ் கலைஞர்கள் 'மகில்ஸ்' என்றார்கள், 'டீ' என்றார்கள், 'கேஜ்' என்றார்கள், புகைக்கிறவனை 'வைப்பர்' என்றார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1928 டிசம்பரில் பதிவு செய்த இசைக்கு 'மகில்ஸ்' என்றே பெயர், எந்த அகராதி மேற்கோளுக்கும் குறையாத தேதிச் சான்று இது. 'ஹாரி பாட்டர்' சிறுவர் மந்திரக்கதையில் இதே ஒலியில் ஒரு சொல் வருவதைப் பார்த்து முடிச்சுப் போட வேண்டாம். மெஸ் மெஸ்ரோ என்ற கிளாரினெட் கலைஞர் நல்ல தரமான கஞ்சா கொடுப்பவர் என்று பெயர் வாங்கியதால், 'மெஸ்' என்றாலே அசல் சரக்கு என்று கொஞ்ச காலம் ஓடியது. ஆள் பெயரிலிருந்து சொல் வந்தது என்ற கதைகளில் நம்பக்கூடிய அபூர்வமானது இது, ஏனென்றால் ஆளும் இருந்தார், ஊரும் தெரியும், காலமும் தெரியும்.

போலீசும் பத்திரிகையும் ஒரு மறைபெயரைத் தெரிந்துகொண்டதும் கூட்டம் அடுத்த பெயருக்குப் போய்விடும். அதனால் சொல்லின் பிறப்பைப் போலவே இறப்பையும் குறித்து வையுங்கள். 1930களின் ஹார்லெமில் நடக்கிற கதையில் ஒருவன் 'குஷ்' என்று சொன்னால் கதை அங்கேயே விழுந்துவிடும்.

ஒரு சொல்லை எடுத்து முடித்துக் காட்டுகிறேன்: 'ரீஃபர்'

பொருள்: கஞ்சா சுருள், பிறகு கஞ்சாவுக்கே. காலம்: அமெரிக்கா, 1930ஐ ஒட்டி. 'ரீஃபர் மேட்னஸ்' என்ற 1936 படத்தைச் சான்றாக எடுத்துவைக்க ஆசையாக இருக்கும், எடுக்காதீர்கள், அந்தப் படம் முதலில் வந்தபோது அதற்கு வேறு பெயர், இந்தப் பெயர் பின்னால் ஒட்டியது. பழைய பொருள்: கப்பல் பாயைச் சுருட்டிக் கட்டுகிற மாலுமி, அவன் போடுகிற கனத்த மேல்சட்டை. குளிர்பதனக் கப்பலுக்கும் ரீஃபர் என்று பெயர் உண்டு, அது வேறு சொல்லின் சுருக்கம், இங்கே சேராது. முதல் விளக்கம், சுருட்டிய பாய் போலச் சுருட்டிய தாள். இரண்டாவது விளக்கம், கஞ்சா புகைக்கிறவனுக்கு மெக்சிகோ ஸ்பானிஷில் இருந்த 'கிரிஃபோ'. இரண்டாவதற்கு ஆதரவாக இருப்பது வழி, ஏனென்றால் 'மரிஹுவானா' என்ற சொல்லும் அதே எல்லை தாண்டி அதே பத்தாண்டுகளில் வந்தது. எதிராக இருப்பது ஒலி, முன்னால் இருந்த ககரம் ஏன் விழுந்தது என்பதற்கு நடுப்படி எதுவும் எழுத்தில் இல்லை. ஆகவே என் குறிப்பேட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: "ரீஃபர், அமெரிக்கா, ஏறத்தாழ 1930, வேர் உறுதியில்லை, கிரிஃபோவுக்குக் கொஞ்சம் எடை கூடுதல்." இதற்கு முந்திய தேதியோடு ஒரு செய்தித்தாள் துணுக்கு கிடைத்தால் அடித்துவிட்டு மாற்றி எழுதுவேன்.